கொழுப்பு ஊசியில் ஒட்டியிருக்கும் சர்க்கரை: திருவட்டாறு வாசகருக்கு ஒரு பதில்

கேள்வி: எனக்கு வயது 61. ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். திருவட்டாறு பக்கம் குடியிருக்கிறேன். வீட்டை ஒட்டிக் கொஞ்சம் ரப்பர் இருக்கிறது. 12 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். இரண்டு ஆண்டுகளுக்கு முன் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். ஸ்டாட்டின் மாத்திரையைத் தவறாமல் சாப்பிட்டும் எல்.டி.எல். கொழுப்பு 112-க்குக் கீழே இறங்கவில்லை. அதனால், ஆண்டுக்கு இரண்டு முறை போடும் இன்க்லிசிரான் என்ற ஊசியை இதய மருத்துவர் பரிந்துரைக்கிறார். மருந்தோடு ஒரு சர்க்கரையை ஒட்டி வைத்திருக்கிறார்கள் என்றும், அந்தச் சர்க்கரைதான் மருந்தை ஈரலுக்குக் கொண்டுபோகும் என்றும் அவர் சொன்னார். ஏற்கெனவே சர்க்கரை நோயாளியான நான் அதைப் போட்டுக்கொள்ளலாமா? ஸ்கேனில் ஈரலில் முதல் நிலைக் கொழுப்பு என்று வந்திருக்கிறது. அப்படிப்பட்ட ஈரல் இந்த மருந்தைப் பிடிக்குமா? பி.ஃபார்ம் படிக்கும் என் மகள், “பாலில் இருப்பதும் கேலக்டோஸ், ஊசியில் இருப்பதும் அதே இனம்; காலையில் கருப்பட்டி போட்டுப் பால்காப்பி குடிக்கிறீர்களே, அது மருந்தோடு போட்டிக்கு வராதா?” என்று கேட்கிறாள். ஈரல் ஒரு சர்க்கரையை எப்படி அடையாளம் காண்கிறது என்பதை விளக்கினால் நன்றாக இருக்கும்.

பதில்:

மதிப்பிற்குரிய ஐயா,

முதல் கேள்விக்கான விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த ஊசியால் உங்கள் இரத்தச் சர்க்கரை ஏறாது. ஒரு முறை போடும் மருந்தின் அளவு 284 மில்லிகிராம். மருந்தின் மூலக்கூறு எடையையும் அதில் ஒட்டியிருக்கும் மூன்று சர்க்கரைகளின் எடையையும் வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். சர்க்கரையின் பங்கு ஏறத்தாழ 10 மில்லிகிராம் வருகிறது. ஒரு தேக்கரண்டிச் சீனி சுமார் 4 கிராம் இருக்கும். அப்படியானால் ஊசி வழியாக உடம்புக்குள் போவது அந்தக் கரண்டியில் 400-இல் ஒரு பங்கு, அதுவும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை. அது குளுக்கோஸும் அன்று. என்-அசிட்டைல் கேலக்டோசமைன் என்பது அதன் பெயர். ஆய்வுக்கூடங்களில் சுருக்கமாகக் கால்நாக் என்பார்கள். உடம்பு அதை எரித்துச் சக்தி எடுக்கட்டும் என்பதற்காக அங்கே வைக்கவில்லை. கடிதத்தின் மேல் எழுதும் முகவரியாக மட்டுமே வைத்திருக்கிறார்கள்.

உங்களுக்கு வந்த குழப்பத்துக்கு நம் பேச்சு வழக்கும் ஒரு காரணம். கடையில் வாங்குவதைச் சீனி என்கிறோம், நோயைச் ‘சுகர்’ என்கிறோம், எழுதும்போது இரண்டையும் சர்க்கரை என்று எழுதிவிடுகிறோம். வேதியியலில் சர்க்கரை என்பது ஒரு குடும்பப் பெயர். குளுக்கோஸ், கேலக்டோஸ், மன்னோஸ், சயாலிக் அமிலம் என்று அந்தக் குடும்பத்தில் பலர் உண்டு. அவர்களில் குளுக்கோஸ் ஒருவரைத்தான் உங்கள் குளுக்கோமீட்டர் அளக்கிறது. மற்றவர்களில் பலருக்கு உடம்பில் எரிபொருளாக இருப்பதைக் காட்டிலும் அடையாளச் சின்னமாக இருப்பதே முதன்மையான வேலை.

அந்த வேலை எங்கே நடக்கிறது என்று பார்ப்போம். இரத்தத்தில் மிதக்கும் புரதங்களில் ஆல்புமினைத் தவிர ஏறத்தாழ எல்லாமே, இரும்பைச் சுமக்கும் டிரான்ஸ்ஃபெரின், செம்பைச் சுமக்கும் செருலோபிளாஸ்மின், இரத்தத்தை உறையவைக்கும் காரணிகள், நோயெதிர்ப்புப் புரதங்கள் என எதை எடுத்தாலும், தம் உடம்பில் சர்க்கரைச் சங்கிலிகளைச் சுமந்துகொண்டே திரிகின்றன. இவற்றைக் கிளைக்கோபுரதங்கள் என்கிறோம். ஒரு சங்கிலி புரதத்தில் ஓரிடத்தில் வேரூன்றி, சற்றுத் தூரம் ஒற்றைத் தண்டாக வளர்ந்து, பிறகு இரண்டாகவோ மூன்றாகவோ நான்காகவோ கவைக்கிறது. ஒவ்வொரு கிளையிலும் கடைசிக்கு முந்தைய இடத்தில் கேலக்டோஸ் இருக்கும். அதற்கு மேல், ஆகக் கடைசியில், சயாலிக் அமிலம் உட்கார்ந்திருக்கும். நீங்கள் ஆசிரியர் என்பதால் பேனாவை வைத்துச் சொல்கிறேன்: கேலக்டோஸ் நிப்பு, சயாலிக் அமிலம் அதன் மூடி. மூடி இருக்கும்வரை நிப்பு வெளியே தெரியாது. மூடி கழன்றுவிட்ட புரதம் ஈரலைக் கடக்கும்போது பிடிபட்டுவிடும்.

இதை யாரும் ஊகித்துக் கண்டுபிடிக்கவில்லை. வேறொன்றைத் தேடிப் போனவர்களின் காலில் இது இடறியது. 1960-களில், நியூயார்க்கில் ஆல்பர்ட் ஐன்ஸ்டைன் மருத்துவக் கல்லூரியில் வில்சன் நோயை ஆராய்ந்துகொண்டிருந்த குழுவில் அனடோல் மொரெல் என்பவர் இருந்தார். வில்சன் நோயில் செம்பு ஈரலிலும் மூளையிலும் சேர்ந்துவிடும். இரத்தத்தில் செருலோபிளாஸ்மின் குறைந்திருக்கும். அந்தப் புரதம் இரத்தத்தில் எவ்வளவு காலம் ஓடுகிறது, எங்கே போய் முடிகிறது என்று பின்தொடர, அதில் ஒரு கதிரியக்க அடையாளம் பொறிக்கவேண்டியிருந்தது. அமெரிக்கத் தேசியச் சுகாதார நிறுவனத்தில் சர்க்கரை வேதியியலில் தேர்ந்திருந்த கில்பர்ட் ஆஷ்வெல்லோடு அவர் சேர்ந்துகொண்டார். புரதத்தின் உடலைத் தொடாமல் அதன் சர்க்கரையில் அடையாளமிடுவது அவர்கள் திட்டம். அதற்கு முதலில் ஒரு நொதியைக் கொண்டு சயாலிக் அமிலத்தைக் கழற்றி, வெளியே தெரிந்த கேலக்டோஸில் கதிரியக்க ஹைட்ரஜனை ஏற்றினார்கள். பிறகு அந்தப் புரதத்தை முயல்களின் இரத்தத்தில் செலுத்தினார்கள்.

சாதாரணச் செருலோபிளாஸ்மின் முயலின் இரத்தத்தில் நாள் கணக்கில் சுற்றிவரும். இவர்கள் செலுத்தியதோ சில நிமிடங்களில் காணாமற்போயிற்று. தேடியபோது அது முழுவதும் ஈரலில் இருந்தது. இந்த இடத்தில் பலர், நாம் கழற்றிய முறையில் புரதம் கெட்டுவிட்டது, கெட்டதை உடம்பு தூக்கி எறிந்தது என்று குறிப்பேட்டை மூடியிருப்பார்கள். இவர்கள் அப்படி மூடவில்லை. வெளியே தெரிந்த கேலக்டோஸையும் ஒரு நொதியால் மாற்றியமைத்துப் பார்த்தார்கள். அப்போது புரதம் மறுபடியும் நீண்ட நேரம் இரத்தத்தில் தங்கியது. கெட்டுப்போன புரதமாக இருந்தால் இன்னொரு அடி அடித்த பிறகு அது பிழைத்திருக்க முடியாது. ஆகவே ஈரல் பார்ப்பது சயாலிக் அமிலம் இல்லாமையை அன்று, கேலக்டோஸ் வெளியே தெரிவதை. பத்துச் சயாலிக் அமிலங்களில் இரண்டு கழன்றாலே போதும், புரதம் விரைவாக நீக்கப்பட்டுவிடும் என்பதும் அவர்கள் ஆய்வில் தெரிந்தது. என் பார்வையில் அந்த இரண்டாவது சோதனைதான் முழுக் கதைக்கும் அச்சாணி; வகுப்பில் முதல் சோதனையை மட்டும் சொல்லிவிட்டு இதை விட்டுவிடுகிற பாடநூல்கள் மீது எனக்கு வருத்தம் உண்டு.

1974-இல், வெளியே தெரியும் கேலக்டோஸைப் பற்றிக்கொள்ளும் ஏற்பியையே, அதாவது ஈரல் செல்லின் மேற்பரப்பில் நிற்கும் புரதத்தை, முயலின் ஈரலிலிருந்து பிரித்தெடுத்தார்கள். இன்று அதை ஆஷ்வெல்-மொரெல் ஏற்பி என்கிறோம். சர்க்கரையை அடையாளம் கண்டு பற்றிக்கொள்ளும் புரதங்களுக்கு லெக்டின் என்று பெயர். அதுவரை லெக்டின் என்றால் பெரும்பாலும் செடிகளின் விதைகளில் கிடைப்பது என்றுதான் நினைத்திருந்தார்கள். உங்கள் தோட்டத்துச் சக்கைக்குருவிலேகூட, அதாவது பலாக்கொட்டையில், ஜாக்கலின் என்ற லெக்டின் இருக்கிறது. அதுவும் கேலக்டோஸ் இனத்தைப் பிடிப்பதுதான். பாலூட்டியின் உடம்பிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட முதல் லெக்டின் இந்த ஈரல் ஏற்பி.

இனி, இது ஈரலில் எங்கே இருக்கிறது என்பது. நிமிடத்துக்குச் சுமார் ஒன்றரை லிட்டர் இரத்தம் ஈரலுக்குள் வந்து போகிறது. அதில் முக்கால் பங்கு குடலிலிருந்து வரும் போர்ட்டல் சிரை வழியாக வருவது. உள்ளே வந்ததும் அது சைனுசாய்டு என்னும் நுண்குழாய்களில் மெதுவாக ஊர்கிறது. உடம்பின் மற்ற நுண்குழாய்களுக்குச் சுவர் இறுக்கமாக இருக்கும். ஈரலில் அந்தச் சுவரில் 100 முதல் 150 நானோமீட்டர் அகலமுள்ள சன்னல்கள் திறந்தபடி கிடக்கின்றன. ஒரு மில்லிமீட்டரைப் பத்து இலட்சமாகப் பிரித்தால் அதில் ஒரு பங்குதான் நானோமீட்டர். இரத்த அணுக்கள் அந்தச் சன்னலில் நுழைய முடியாது. புரதங்களும் உங்கள் எல்.டி.எல். துகள்களும் தாராளமாக நுழைந்துவிடும். சன்னலைத் தாண்டினால் ஒரு குறுகிய இடைவெளி, அதற்கு அப்பால் ஈரல் செல்லின் மேற்பரப்பு. இரத்தத்தை நோக்கிய அந்தப் பரப்பில், ஒரு செல்லுக்கு ஐந்து இலட்சம் வரை ஆஷ்வெல்-மொரெல் ஏற்பிகள் நிற்கின்றன. உடம்பில் வேறெங்கும் இவ்வளவு அடர்த்தியாக இந்த ஏற்பி இல்லை. உங்கள் ஊசியைச் செய்தவர்கள் இந்த முகவரியைத் தேர்ந்தெடுத்ததற்கு அதுதான் காரணம்.

ஏற்பி ஒரு தனிப் புரதம் அன்று; இரண்டு வகைத் துணைப் புரதங்கள் பல சேர்ந்து ஒரு கொத்தாக நிற்பது. ஒவ்வொன்றின் தலையிலும் சர்க்கரையைப் பிடிக்கும் குழி ஒன்று உண்டு, அந்தக் குழியின் அடியில் ஒரு கால்சியம் அயனி உண்டு. கேலக்டோஸின் இரண்டு ஹைட்ராக்சில் கைகள் அந்தக் கால்சியத்தைப் பற்றிக்கொள்கின்றன. கால்சியத்தை எடுத்துவிட்டால் பிடி இல்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், சற்று நேரத்தில் தேவைப்படும்.

ஒரு குழி ஒரு சர்க்கரையைப் பிடிக்கும் பிடி மிகவும் தளர்வானது. பனையேறுபவர் ஒற்றைக் கையால் மட்டும் மரத்தைப் பற்றினால் எவ்வளவு நேரம் நிற்பார்? இரண்டு கைகளும் காலில் நார்வளையமும் சேரும்போதுதான் அவர் மரத்தோடு ஒட்டுகிறார். இங்கும் அப்படியே. ஒரு கேலக்டோஸ் மட்டும் இருந்தால் பிடிக்கும் வலிமை மில்லிமோலார் அளவில் இருக்கிறது (இந்த அளவு எவ்வளவு சிறிதோ, பிடி அவ்வளவு இறுக்கம்). சரியான இடைவெளியில் இரண்டு இருந்தால் அது ஏறத்தாழ ஆயிரம் மடங்கு கூடுகிறது. மூன்று இருந்தால் மேலும் பல நூறு மடங்கு கூடி நானோமோலார் அளவுக்கு வந்துவிடுகிறது. நான்காவதைச் சேர்த்தால் ஆதாயம் அவ்வளவாக இல்லை. இன்க்லிசிரானில் கால்நாக் மூன்றாக, ஒரு கவையின் மூன்று கிளைகளைப் போல, ஒட்டப்பட்டிருப்பது இந்தக் கணக்கினால்தான். கேலக்டோஸைக் காட்டிலும் கால்நாக்கை இந்த ஏற்பி பல மடங்கு விரும்பிப் பிடிக்கும் என்பதால் அதைத் தேர்ந்தார்கள்.

பிடித்த பிறகு நடப்பதைச் சற்று நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் கொழுப்புக் கதையும் இதே பாதையில்தான் போகிறது. ஏற்பி நிற்கும் இடத்தில் செல்லின் சவ்வு உட்பக்கமாகக் குழிகிறது. கிளாத்ரின் என்ற புரதம் கூடைபோல அந்தக் குழியைச் சூழ்ந்து, அதை ஒரு சிறு பையாகக் கிள்ளி உள்ளே அனுப்புகிறது. பை உள்ளே போகப் போக, அதன் சவ்வில் இருக்கும் பம்புகள் அமிலத்தை உள்ளே தள்ளுகின்றன, இரத்தத்தில் 7.4 ஆக இருந்த பி.எச். ஆறுக்கும் கீழே இறங்குகிறது. நீங்கள் ரப்பர் பாலில் ஆசிட் விட்டு உறையவைத்து ஷீட் அடிப்பவர். அமிலம் ஒரு புரதத்தின் குணத்தை எப்படிப் புரட்டிப்போடும் என்பதைத் தினமும் தட்டில் பார்க்கிறீர்கள். அங்கே அமிலம் சேர்ந்ததும் பால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கிறது. இங்கே அதற்கு எதிராக, அமிலம் சேர்ந்ததும் ஏற்பியின் குழியிலிருந்து கால்சியம் கழன்றுவிடுகிறது, சர்க்கரையின் பிடி விடுகிறது. விடுபட்ட புரதம் லைசோசோம் என்ற செரிமான அறைக்குப் போய் அமினோ அமிலங்களாகவும் தனிச் சர்க்கரைகளாகவும் உடைக்கப்படுகிறது. ஏற்பி மட்டும் பத்திரமாக மேற்பரப்புக்குத் திரும்பி அடுத்த புரதத்துக்காக நிற்கிறது. ஒரு சுற்றுக்குக் கால் மணி நேரம் போல ஆகிறது.

உங்கள் மருந்தும் இதே பையில் ஏறித்தான் செல்லுக்குள் போகிறது. அதில் பெரும்பகுதி பையிலேயே அடைபட்டுக் கிடக்கும். மிகச் சிறு பங்குதான் கசிந்து செல்லின் உட்பகுதிக்கு வருகிறது. குறை போலத் தோன்றும் இந்த அடைபடல்தான் ஆறு மாதத்துக்கு ஓர் ஊசி போதும் என்பதற்கு ஒரு முக்கியக் காரணம். பை ஒரு சேமிப்புக் கிடங்காக இருந்து கொஞ்சம் கொஞ்சமாக மருந்தை விடுகிறது. இரத்தத்தில் மருந்து இரண்டு நாளைக்குள் இல்லாமற்போய்விடும், ஆனால் வேலை மாதக்கணக்கில் தொடரும். கசிந்து வந்த மருந்து ஒரு குட்டையான இரட்டை இழை ஆர்.என்.ஏ.; பிசிஎஸ்கே9 என்ற புரதத்தைத் தயாரிக்கும் செய்தி இழையைத் தேடிப் பிடித்து வெட்டுவது அதன் வேலை.

அந்தப் பிசிஎஸ்கே9 செய்யும் கெடுதலைப் பாருங்கள். எல்.டி.எல். கொழுப்பைப் பிடிக்க ஈரல் செல்லில் வேறோர் ஏற்பி உண்டு. அதுவும் இதே கிளாத்ரின் குழி வழியாக உள்ளே போய், அமிலத்தில் கொழுப்புத் துகளை விட்டுவிட்டு, மேலே திரும்பி வரும். பிசிஎஸ்கே9 அந்த ஏற்பியோடு ஒட்டிக்கொண்டு உள்ளே போனால், அமிலத்தில் பிடியை விடுவதற்குப் பதிலாக இன்னும் இறுக்கிக்கொள்ளும். ஏற்பி திரும்பி வர முடியாமல் லைசோசோமில் போய் அழியும். பிசிஎஸ்கே9 குறைந்தால் ஏற்பிகள் திரும்பத் திரும்ப மேலே வரும். இரத்தத்திலிருந்து அதிக எல்.டி.எல். வெளியேறும். ஸ்டாட்டினோடு சேர்த்து இந்த ஊசியைப் போடும்போது எல்.டி.எல். மேலும் பாதியளவு குறைவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஸ்டாட்டினை நிறுத்திவிட்டு ஊசியை மட்டும் நம்பலாம் என்று யாரும் சொன்னால் கேட்காதீர்கள். உங்கள் மருத்துவரே நிறுத்தச் சொன்னாலொழிய மாத்திரை தொடரட்டும்.

ஈரலில் கொழுப்பு இருக்கிறதே என்ற உங்கள் இரண்டாவது கவலை நியாயமானது, ஆனால் அதை இரண்டாகப் பிரித்துப் பார்க்கவேண்டும். ஈரல் சுருங்கித் தழும்பேறிய நிலையில், அதாவது சிரோசிஸ் வந்த பிறகு, செயல்படும் ஈரல் செல்களும் அவற்றின் மேலுள்ள இந்த ஏற்பிகளும் குறைகின்றன. மூடி கழன்ற கிளைக்கோபுரதங்கள் அந்த நோயாளிகளின் இரத்தத்தில் கூடுதலாகச் சேர்கின்றன. ஜப்பானில் இதையே ஒரு பரிசோதனையாக மாற்றிவிட்டார்கள்: கேலக்டோஸ் ஏற்றிய ஆல்புமினைக் கதிரியக்க டெக்னீசியத்தோடு சேர்த்து ஊசி போட்டு, ஈரல் அதை எவ்வளவு வேகத்தில் வாங்கிக்கொள்கிறது என்று கேமராவில் பார்க்கிறார்கள்; அறுவைக்கு முன் ஈரலில் எவ்வளவு செயல்திறன் மிச்சம் என்பதை அளக்க 1992-இலிருந்து இது அங்கே வழக்கத்தில் இருக்கிறது. உங்களுடையது முதல் நிலைக் கொழுப்பு மட்டும் என்றால் அந்த நிலைக்கும் உங்களுக்கும் வெகுதூரம். லேசான, நடுத்தர ஈரல் குறைபாட்டுக்கு இன்க்லிசிரானின் அளவை மாற்றவேண்டியதில்லை. கடுமையான குறைபாடு உள்ளவர்களிடம்தான் மருந்து சோதிக்கப்படவில்லை.

ஆனால் ‘மட்டும்’ என்று சொன்னேனே, அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் போடும் ‘முதல் நிலை’ என்பது கொழுப்பின் அளவைச் சொல்கிறது, தழும்பின் அளவைச் சொல்வதில்லை. சர்க்கரை நோயும் கொழுப்பு ஈரலும் சேர்ந்திருப்பவர்களுக்குத் தழும்பு இருக்கிறதா என்று தனியே பார்ப்பது அவசியம். அதற்குப் பெரிய செலவும் இல்லை. உங்கள் வயது, எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. என்ற இரண்டு ஈரல் நொதிகள், பிளேட்லெட் எண்ணிக்கை ஆகிய நான்கையும் வைத்து ஃபிப்-4 என்ற கணக்கை மருத்துவர் இரண்டு நிமிடத்தில் போட்டுவிடுவார். அதில் சந்தேகம் வந்தால் மட்டும், ஈரலின் விறைப்பை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் எடுக்கலாம். ஊசி போடுவதற்கு முன் இதை முடித்துவிடுங்கள் என்பதே நான் வற்புறுத்திச் சொல்லும் ஒரே காரியம்.

நீங்கள் எழுதவில்லை என்றாலும், குடிப்பழக்கம் உண்டா என்று கேட்காமல் விட எனக்கு மனம் வரவில்லை. தொடர்ந்து மதுவூட்டப்பட்ட எலிகளின் ஈரலில் இந்த ஏற்பி வழியாகப் புரதத்தை உள்வாங்கும் வேலை மந்தமாவதைப் பார்த்திருக்கிறார்கள். மனிதர்களில், தினமும் அதிகமாகக் குடிப்பவர்களின் டிரான்ஸ்ஃபெரினில் சர்க்கரைச் சங்கிலிகளே சில காணாமற்போகின்றன, சி.டி.டி. என்ற இரத்தப் பரிசோதனை அதைத்தான் அளக்கிறது. கொஞ்சமாகத்தான் குடிக்கிறேன் என்று நோயாளி சொல்வதையும் சி.டி.டி. சொல்வதையும் அடுத்தடுத்து வைத்துப் படிக்கும் சங்கடம் எங்கள் ஆய்வகத்தில் அவ்வப்போது நேர்வதுண்டு. உங்களுக்கு அந்தப் பழக்கம் இல்லை என்றால் இந்தப் பத்தியை மறந்துவிடுங்கள்.

ஈரல் எப்படி அடையாளம் காண்கிறது என்று நீங்கள் பொதுவாகவும் கேட்டிருப்பதால் ஒரு திருத்தத்தையும் இங்கே பதிவு செய்கிறேன். ஒரு புரதத்துக்கு வயதாக ஆக அதன் மூடிகள் ஒவ்வொன்றாகக் கழலும், கடைசியில் ஈரல் அதைப் பொறுக்கிக்கொள்ளும், ஆகவே சயாலிக் அமிலம் புரதத்தின் ஆயுட் கடிகாரம் என்று நானும் பல ஆண்டுகள் வகுப்பில் அழகாகச் சொல்லிவந்தேன். கேட்கப் பொருத்தமாகத்தான் இருக்கும். ஆனால் இந்த ஏற்பியே இல்லாமல் வளர்க்கப்பட்ட எலிகள் நன்றாகவே உயிர்வாழ்ந்தன. எதிர்பார்த்த அளவுக்கு மூடியற்ற புரதங்கள் அவற்றின் இரத்தத்தில் குவியவும் இல்லை. ஈரலின் இரத்தக்குழாய்ச் செல்களிலும், அங்கேயே தங்கியிருக்கும் விழுங்கு செல்களான குப்ஃபர் செல்களிலும் வேறு ஏற்பிகள் இருக்கின்றன. அவை மன்னோஸ் போன்ற பிற சர்க்கரை நுனிகளைப் பிடிப்பவை. பக்கவாதத்தில் இரத்தக்கட்டியைக் கரைக்கப் போடும் டி.பி.ஏ. மருந்து இரத்தத்தில் நிமிடக் கணக்கில்தான் நிற்கிறது, அதனால்தான் ஒரு மணி நேரம் சொட்டுச் சொட்டாக ஏற்றுகிறார்கள். அதை அப்புறப்படுத்துவதில் மன்னோஸ் ஏற்பிக்குப் பங்குண்டு. ஆகவே ஒற்றைக் கடிகாரம் என்று சொல்வது மிகை. இன்று நான் மாணவர்களிடம், சில சரக்குகளுக்கு இதுவே முக்கிய வாசல், மற்றவற்றுக்கு இது பல வாசல்களில் ஒன்று என்று மட்டும் சொல்கிறேன்.

இதுவே முக்கிய வாசலாக இருக்கும் சரக்குகளில் ஒன்று பிளேட்லெட். வயதான பிளேட்லெட்டுகள் மேற்பரப்பில் சயாலிக் அமிலத்தை இழக்கின்றன. இந்த ஏற்பி அவற்றைப் பிடிப்பதோடு, புதிய பிளேட்லெட்டுகளை உண்டாக்கச் சொல்லும் திராம்போபொயட்டின் ஹார்மோனைச் சுரக்கும்படி ஈரலைத் தூண்டவும் செய்கிறது. குளிரில் வைத்த பிளேட்லெட்டுகளும் இப்படியே அடையாளம் மாறி, ஏற்றியதும் ஈரலில் போய் முடிந்துவிடுகின்றன. மற்ற இரத்தத்தைக் குளிர்பெட்டியில் வைக்கும் இரத்த வங்கி, பிளேட்லெட் பையை மட்டும் 20 முதல் 24 டிகிரியில் ஆட்டிக்கொண்டே ஐந்து நாள் வரை வைத்திருப்பதை டெங்கு நாட்களில் நம் ஊர்க்காரர்கள் பலர் பார்த்திருப்பார்கள்.

மறுபக்கத்தில், ஈரல் பிடிக்காமல் இருக்கவேண்டும் என்று செய்யப்பட்ட மருந்துகளும் உண்டு. டயாலிசிஸ் எடுப்பவர்களுக்கு இரத்தம் ஊறப் போடும் எரித்ரோபொயட்டின் ஊசியில் சயாலிக் அமிலம் 14 வரை இருக்கும். டார்பெபொயட்டினில் கூடுதலாக இரண்டு சங்கிலிகளைச் சேர்த்து அதை 22 வரை உயர்த்தினார்கள். இரத்தத்தில் தங்கும் காலம் ஏறத்தாழ மூன்று மடங்காயிற்று. மூடியைக் கூட்டினால் ஈரலைத் தாண்டலாம், நிப்பைக் காட்டினால் ஈரலில் இறங்கலாம். உங்களுக்கு எழுதியிருப்பது இரண்டாவது வகை.

கொழுப்போடு தொடர்புடைய இன்னொரு செய்தியையும் நீங்கள் விரும்புவீர்கள். ஐஸ்லாந்து மக்களில் 120 பேருக்கு ஒருவர், இந்த ஏற்பியின் மரபணுவில் 12 எழுத்துகள் விடுபட்ட ஒரு பிரதியோடு பிறக்கிறார் என்று 2016-இல் தெரியவந்தது. அவர்களுக்குக் கொழுப்பு சற்றுக் குறைவு. இதயத் தமனி நோய் வரும் வாய்ப்பு 34 சதவீதம் குறைவு. கூடவே இரத்தத்தில், பித்தக்குழாய் அடைத்தாலும் கூடும் ஆல்கலைன் ஃபாஸ்ஃபடேஸ் என்ற நொதி உயர்ந்திருக்கிறது, அது ஒரு கிளைக்கோபுரதம், ஈரல் அதை வழக்கம்போல வாரிக்கொள்ளாததால் மிஞ்சுகிறது. ஓர் ஆய்வக அறிக்கையில் அந்த எண்ணை மட்டும் பார்க்கும் மருத்துவர் பித்தக்குழாய் அடைப்பைத் தேடிப் புறப்படக்கூடும்.

இனி உங்கள் மகளின் கேள்வி. கெட்டிக்காரக் கேள்வி என்பதால் கடைசிக்கு வைத்திருந்தேன். பாலில் இருக்கும் லாக்டோஸ் குடலில் உடைந்து குளுக்கோஸும் கேலக்டோஸும் ஆவது உண்மை. அந்தக் கேலக்டோஸ் போர்ட்டல் சிரை வழியாக ஈரலுக்கு வந்ததும், ஈரல் செல் அதைச் சர்க்கரைகளுக்கென்று உள்ள வேறொரு வாயில் வழியாக உள்ளே எடுத்துக் குளுக்கோஸாக மாற்றிவிடுகிறது. பொது இரத்தத்தில் அது மிகக் குறைவாகவே மிஞ்சும். மிஞ்சுவதும் ஒற்றை ஒற்றையாகத் திரியும் கேலக்டோஸ். பனையேறுபவரின் கணக்கை மகளிடம் நினைவூட்டுங்கள்: ஒற்றைக் கையால் பற்றும் அது, மூன்று கால்நாக்குகளால் ஆயிரக்கணக்கான மடங்கு இறுக்கமாகப் பற்றும் மருந்தை ஏற்பியிலிருந்து தள்ளிவிட முடியாது. அது மட்டுமன்றி, பால் குடலுக்குப் போகிறது, ஊசியோ தோலடியில் போடப்பட்டு மணிக்கணக்கில் மெல்ல மெல்ல இரத்தத்தில் கலக்கிறது. ஆகவே ஊசி போடும் நாளிலும் பால்காப்பி குடிக்கலாம், வெறும் வயிற்றில் போகவேண்டும் என்பதும் இல்லை. அந்தக் காப்பியில் விழும் கருப்பட்டி மட்டும் வேறு சங்கதி. அதில் பெரும்பங்கு சீனியில் இருக்கும் அதே சுக்ரோஸ்தான், அது உடைந்து வரும் குளுக்கோஸ் குளுக்கோமீட்டரில் ஏறும்.

முதல் ஊசிக்குப் பின் மூன்றாம் மாதம் இரண்டாவது, அதன் பிறகு ஆறு மாதத்துக்கு ஒன்று என்பது முறை. ஊசி போட்ட இடம் ஓரிரு நாள் சிவந்து வலிக்கலாம். இரண்டாவது ஊசிக்குப் போகும்போது அதற்கு முந்தைய வாரம் எடுத்த லிப்பிட் அறிக்கையைக் கையில் கொண்டு போங்கள். 112 எங்கே வந்து நிற்கிறது என்பதை அதில் பார்த்துவிடலாம்.